ஊற்றாத இரண்டு துளி

பிறந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத குழந்தையின் கண்ணைத் திறப்பது லேசுப்பட்ட வேலையில்லை. இமை வழுக்கும். வெளிச்சம் பட்டதும் குழந்தை இன்னும் இறுக்கிக்கொள்ளும். விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு, கீழ் இமையை மெல்ல இழுத்து, மேல் இமையைப் புருவத்தோடு சேர்த்துத் தூக்கி, தெரிகிற அந்த நூலளவு இடைவெளியில் ஒரு துளி மருந்து விடவேண்டும். வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. கண்டியில் மருத்துவிச்சிப் பயிற்சி எடுத்தபோது எங்கள் வகுப்பிலேயே இதை வேகமாகச் செய்தவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கை ஓடிய வேகத்துக்கு என் வாயும் சேர்ந்து ஓடியது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. ஐம்பதுகள் முடிகிற நேரம். எனக்கு இருபது வயது. அப்பா பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் வாத்தியாராக்கத்தான் அட்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஒரே கரும்பலகைக்கு முன்னால் முப்பது வருடம் நிற்பதா என்று எனக்கு அப்போதே கால் பரபரத்தது. வெள்ளைச் சேலை, கறுப்புத் தோல் பை, தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்குகிற உத்தியோகம். கல்யாணம் செய்துகொள் என்று வீட்டில் சொன்னபோது, "இந்தத் தோட்டத்துல புள்ளைங்க சாகாம இருக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று நான் சொன்ன பதிலை அம்மா இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்கு முன்னால் அங்கே மருத்துவிச்சியாக இருந்தவர் ஒரு பறங்கி நோனா, வெள்ளைக்காரக் கலப்புக் குடும்பத்து அம்மா. அவருக்குத் தமிழ் அரைகுறை. "தள்ளு", "தள்ளாதே", "ஆம்புளை", "பொம்புளை" ஆகிய நான்கு சொற்களை வைத்தே இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை வெளியே எடுத்தவர். அவர் பையிலும் அதே பழுப்புப் போத்தல் இருந்திருக்கிறது. பிறந்த பிள்ளை ஒன்றுவிடாமல் எல்லாவற்றின் கண்ணிலும் இரண்டு துளி விட்டிருக்கிறார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'கண்ணுத் தண்ணி' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். தொப்புள் கொடியை வெட்டுவதுபோல, குளிப்பாட்டுவதுபோல, கண்ணுத் தண்ணி ஊற்றுவதும் பிரசவத்தில் ஒரு சடங்கு, அவ்வளவுதான். மறுநாள் இமை கொஞ்சம் வீங்கும். "தண்ணி வேலை செய்யுது" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அது தண்ணீரில்லை, சில்வர் நைட்ரேட் என்ற மருந்து. தாயின் பிறப்புப் பாதையில் ஒருவகைக் கிருமி இருக்கலாம். தாய்க்கு வலியோ காய்ச்சலோ எதுவும் தெரியாமலே இருக்கலாம். பிள்ளை வெளியே வருகிற வழியில் அது கண்ணில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் சீழ் கட்டும். கவனிக்காமல் விட்டால் அந்த வாரத்துக்குள்ளேயே கருவிழி வெந்துபோகும். பிறந்ததுமே இரண்டு துளி விட்டால் இத்தனையும் இல்லை. உலகத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நிச்சயமான காரியம் வேறு இருக்கிறதா என்று பயிற்சிக் காலத்தில் நான் வியந்து வியந்து போனேன்.

இவ்வளவு நல்ல விஷயத்தை நம் ஜனங்களுக்கு விளக்காமல் விடுவது அவர்களை ஆடுமாடாக நினைப்பதில்லையா? எனக்கு அப்படித்தான் பட்டது. இன்றைக்கும் அந்தக் கேள்வி தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கலக்குகிறவர்தான் என்றாலும் எல்லோரும் அவரை டொக்டரையா என்றுதான் கூப்பிடுவோம். என் யோசனையை அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, உமக்குப் படிப்பிக்கிற ஆசை இருந்தா உங்கட அப்பாவின்ர பள்ளிக்கூடத்துக்குப் போம். இஞ்சை மருந்தை விட்டுட்டு வாயை மூடிக்கொண்டு வாரும்."

"காரணம் தெரிஞ்சா இன்னும் ஆசையா வாங்கிக்குவாங்க ஐயா."

"காரணம் தெரிஞ்சா ஒருத்தரும் வாங்காயினம்," என்றார் அவர்.

கிழவருக்கு ஜனங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த நீள அறையில், பாயில் நாற்பது பெண்களுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் சிலர் வந்து கதவோரம் சாய்ந்து நின்றார்கள். சிவப்புப் பென்சிலால் நானே வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி, கண், கிருமி, சீழ், மருந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். நல்ல வார்த்தைகளாகத் தேடித் தேடிச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்:

"சரி மிஸ்ஸி, புள்ளைக்குத் தாய்கிட்டேருந்து வருது. தாய்க்கு எங்கேருந்து வருது?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். எங்கேயோ இருந்து வருகிறது என்று சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில், உள்ளதை உள்ளபடி சொன்னேன். புருஷனிடமிருந்து வரும், புருஷனுக்கு வெளியே இன்னொருத்தியிடமிருந்து வந்திருக்கும் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப அந்தத் தண்ணிய ஆம்பளைங்க கண்ணுல ஊத்துங்க மிஸ்ஸி. அடுத்த வீட்டு வாசல் தெரியாம இருக்கட்டும்!"

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். கதவோரம் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் அமோகம் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அந்த வாரமே பீலிக்கரையில் சண்டை. மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடத்தில் துணி துவைக்கிறபோது இரண்டு பெண்களுக்குள் வாளி வைப்பதில் தகராறு. ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "ஒம்புள்ளைக்கு ஏன் கண்ணுத் தண்ணி ஊத்துனாங்கன்னு இப்பத்தானடி தெரியுது!" என்று கத்தியிருக்கிறாள். ஊற்றியது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான், கத்தியவளின் பிள்ளைக்கும்தான். சண்டையில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அதோடு கதை மாறிவிட்டது. அடுத்த பிரசவத்தில் போத்தலை எடுத்தேன். பிள்ளையின் பாட்டனார் வெளியிலிருந்து, "எங்க குடும்பத்துல அந்தமாதிரிச் சீக்கு ஒண்ணும் கெடையாது, உள்ள வைங்க" என்றார். அதற்கடுத்த வீட்டில் தாயே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மருந்தை வாங்கிக்கொண்டால் நோயை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. இரண்டு தலைமுறையாக ஒருவரும் கேள்வி கேட்காத ஒன்றை நான் ஒரே பின்னேரத்தில் கெட்ட பெயராக்கிவிட்டேன்.

உடனே டொக்டரையாவிடம் போயிருக்க வேண்டும். போனால் "நான் அப்பவே சொன்னனான்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கப் பயந்து நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் ஊற்றப் போய்த்தானே வம்பு? எனக்குச் சந்தேகம் வருகிற தாய்மாரின் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியாவது ஊற்றிவிடலாம், மற்றவர்களை விட்டுவிடலாம். கிருமி இருக்கிற தாய்க்கே அது தெரியாமல் இருக்கலாம் என்று படம் போட்டு விளக்கியவளே நான்தான். என் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அதை யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். யோசித்துவிட்டுத் தள்ளிவைத்தேன்.

பிரசவப் புத்தகத்தில் 'கண் மருந்து' என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமையாக விட்டால் டொக்டரையா கேட்பார். அதனால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அடையாளம் போட்டுவைத்தேன். மூன்று, நான்கு பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வழிதான் சரி என்று எனக்குத் தைரியம்கூட வந்துவிட்டது.

அடுத்ததாக என் சிநேகிதிக்கு மாதம் ஆனது.

அட்டனில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் தோட்டத்து லொறி ஓட்டுகிறவன்; தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் போனால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வருவான். மாமியார், பெரிய கங்காணியின் மனைவி, லயத்துப் பெண்கள் நடுங்குகிற ஆள். பேசினால் சிரிப்பு வரும், சிரித்தால் தொலைந்தோம்.

தோட்டம் முழுக்க எனக்கு மிஸ்ஸி. அவள் ஒருத்திதான் என்னை "வாடி", "போடி" என்பாள். எட்டாம் மாதம் சோதித்தபோது வெள்ளை அதிகமாகப் படுகிறது என்றாள். அதன் நிறமும் சரியில்லாமல் இருந்தது.

"ஒடம்பு சூடுடி. அத்தே கஷாயம் வச்சுக் குடுக்குது," என்றாள்.

மற்ற யாராவது இதைச் சொல்லியிருந்தால் டொக்டரையாவிடம் அழைத்துப் போயிருப்பேன். அவள் என் சிநேகிதி, பெரிய வீட்டு மருமகள். அந்த வீட்டையும் அந்த நோயையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு வாய் வரவில்லை, மனமும் வரவில்லை. சூடுதான் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அழுத்தமான அழுகை. துடைத்துத் துணியில் சுற்றிவிட்டுப் பையைத் திறந்தேன். பழுப்புப் போத்தல் கையில் வந்ததும் மாமியார் எழுந்து நின்றாள்.

"மிஸ்ஸி, அது எதுக்கு?"

"எல்லாப் புள்ளைக்கும் போடுறதுதாங்க."

"எல்லாப் புள்ளையும் எங்க வீட்டுப் புள்ளயா? நீங்கதானே கூட்டம் போட்டுச் சொன்னீங்க, எது எங்கேருந்து வருதுன்னு. பெரிய கங்காணி வீட்டுலயும் ஊத்துனாங்கன்னு நாளைக்குப் பீலியில பேசவா? தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டாக் கண்ணு சுத்தமாயிரும். எம்புள்ளைங்க ஏழுக்கும் அதான்."

சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். அறையில் நாங்கள் இருவர்தான். ஒரு நிமிடம் போதும் எனக்கு. நான் குழந்தையைத் திருப்பியதும் என் சிநேகிதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரசவித்த கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"போடாதடி. கண்ணு வீங்குனா அத்தைக்குத் தெரிஞ்சிரும். நான் இந்த வீட்டுல இருக்கணும்டி."

"ஒரு நிமிஷம்தான்டி, புள்ளைக்கு நல்லது."

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னு ஒனக்குத் தெரியும்ல? தெரியும்தானே?"

தெரியும் என்று தலையாட்டினேன். போத்தலைப் பையில் வைத்தேன். திரும்பி வந்து புத்தகத்தில் அடையாளம் போட்டேன். அந்தப் பேனாவில் மை வற்றியிருந்ததால் இரண்டு தடவை அழுத்திப் போட்டது நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை போனேன். இரண்டு இமையும் ஒட்டிக்கிடந்தன. "ராத்திரிப் பனி," என்றாள் மாமியார். வெந்நீரில் துடைத்துத் திறந்து பார்த்தேன்; மஞ்சளாக ஒரு கோடு. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். பின்னேரம் மறுபடி பார்ப்போம் என்றேன். பின்னேரம் வேறு லயத்தில் ஒரு பிரசவம் வந்தது. நான்காம் நாள் காலையில் இமைகள் இரண்டும் பிளம்ஸ் பழம் மாதிரி வீங்கியிருந்தன. அழுத்தினால் சீழ் வழிந்தது. "டொக்டரையாகிட்டப் போயே ஆகணும்" என்றேன். மாமியாரும் பயந்துபோயிருந்தாள்; மறுக்கவில்லை. தீட்டுக்கூடப் பார்க்காமல் மூன்று பேரும் பிள்ளையோடு மருந்துச்சாலைக்கு நடந்தோம்.

டொக்டரையா குழந்தையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. போய்ப் பிரசவப் புத்தகத்தை எடுத்து விரித்து, கட்டத்தில் விரல் வைத்தார்.

"மருந்து விட்டதெண்டு போட்டிருக்கு. அப்ப நான் நினைச்சது இல்லை." பெருமூச்சு விட்டார், அது ஆறுதலில் விட்ட மூச்சு. "குளிரிலை வந்த கண் வருத்தமாக்கும். போரிக் தண்ணியாலை மணித்தியாலத்துக்கொருக்காக் கழுவும் பிள்ளை. நாளைக்குப் பாப்பம்."

மாமியார் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "மருந்து விட்டதா? அப்ப நான் வெந்நி எடுக்கப் போன நேரம் பாத்து ஊத்திட்டீங்களா? எனக்குத் தெரியாம ஊத்திட்டீங்களா?"

என் சிநேகிதி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னதா, திற என்று சொன்னதா? ஐந்து வருடமாக யோசிக்கிறேன், தெரியவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அவள் மாமியாரிடம் அகப்பட்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பாதி. மீதிப் பாதி அந்தப் புத்தகம். நான் போட்ட பொய் அடையாளத்தின் மேல் டொக்டரையாவின் விரல் இருந்தது. நாற்பது பேருக்கு முன்னால் மூச்சுவிடாமல் பேசியவளுக்கு அங்கே ஒரு சொல் எழவில்லை.

அன்று முழுக்க அந்த வீட்டில் உட்கார்ந்து போரிக் தண்ணீரால் கழுவினேன். கழுவக் கழுவச் சீழ் ஊறியது. சாயங்காலம் இடது கண்ணைத் திறந்தபோது கருவிழியின் மேல் வாயால் ஊதிய கண்ணாடிபோல ஒரு மங்கல் இருந்தது.

மறுநாள் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே டொக்டரையா வீட்டுக் கதவைத் தட்டினேன். கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஐயா, நான் அந்தப் புள்ளைக்கு மருந்து ஊத்தல. புஸ்தகத்துல பொய் எழுதினேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நேற்று எனக்கு முன்னாலை நிண்டனீரே," என்றார். அவ்வளவுதான். செருப்புக்கூடப் போடாமல் மருந்துச்சாலைக்கு நடந்து பென்சிலின் எடுத்தார். முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, அட்டன் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சீட்டு எழுதினார். முந்தின நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்த லொறியை அவள் புருஷனே எடுத்தான். முன்சீட்டில் பிள்ளையோடு அவள், பக்கத்தில் நான். வளைவுக்கு வளைவு அவன் ஹோர்ன் அடித்தான்.

தாயையும் பிள்ளையையும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வாசலில் அவன் பீடியைப் பற்றவைத்து, இழுக்காமலே பிடித்துக்கொண்டு நின்றான்.

"மிஸ்ஸி, அன்னிக்கு நீங்க கூட்டத்துல சொன்னப்ப நானும் கதவுகிட்ட நின்னேன்."

"ம்."

"கொழும்புல போன வருஷம் எனக்கு வந்திச்சு. ரெண்டு ஊசி போட்டாங்க. எரிச்சல் போயிருச்சு. போயிருச்சுன்னுதான் நெனச்சேன்."

"ஊசி முழுசாப் போட்டீங்களாண்ணே? மறுபடி வரச் சொல்லலியா?"

"வரத்தான் சொன்னாங்க. லொறி கெளம்பிருச்சு." பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் மிஸ்ஸி."

அவனுக்கும் அவளுக்கும் அங்கேயே வைத்தியம் நடந்தது. குழந்தையின் வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெண்மை நின்றுவிட்டது. அங்கிருந்த சிங்கள டொக்டரிடம், ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் அந்தக் கண்ணும் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று சில நாள் நினைப்பேன். உண்மையாகவே சொல்ல முடியாதுதான் என்று சில நாள் நினைப்பேன். இரண்டிலும் தூக்கம் வருவதில்லை.

நாங்கள் திரும்பி வருவதற்குள் தோட்டத்தில் கதை பரவியிருந்தது. மிஸ்ஸி திருட்டுத்தனமாக மருந்தை ஊற்றினாள், அது பிள்ளையின் கண்ணை எரித்துவிட்டது. சாட்சி பெரிய கங்காணி வீட்டம்மா. அதற்கு மேல் சாட்சி, டொக்டரையா வாசித்த என் புத்தகம். எந்தக் கண்ணில் மருந்து படவில்லையோ அந்தக் கண்ணை வைத்தே மருந்துக்குப் பழி. அப்போது மூன்று பேர் நிறைமாதமாக இருந்தார்கள். மூவரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால்தான் மருந்தின் பெயர் தேறும். முழு உண்மையைச் சொன்னால் அவள் "போடாதடி" என்றது வெளியே வரும். தனக்கு நோய் இருப்பது தெரிந்துதான் மருமகள் தடுத்தாள் என்று மாமியார் அர்த்தம் எடுப்பாள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறபோது போய் நின்றேன். டொக்டரையாவும் துணைக்கு வந்து ஒரு தூணருகே நின்றார். கேட்காமலே வந்தார்.

"அந்தப் புள்ளைக்கு நான் மருந்து ஊத்தல. மறந்துட்டேன். மறந்தத மறைக்கப் புஸ்தகத்துல ஊத்துனேன்னு பொய் எழுதிட்டேன். ஊத்தியிருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும். தப்பு மருந்துமேல இல்ல, எம்மேல."

தராசுக்காரர் எடை சொல்வதை நிறுத்திவிட்டார். பிறகு பேச்சு வந்தது, மழைபோல வந்தது.

"மறந்துட்டியா? சோறு திங்க மறப்பியா நீ?"

"கூட்டம் போட மட்டும் மறக்கல!"

"ஒருத்தி புள்ளைக் கண்ணத் தின்னுட்டு வந்து நிக்கிறா பாரு, வெள்ளச் சேலையும் அவளும்."

பெரிய கங்காணி வீட்டம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் திருட்டுத்தனமாக ஊற்றியதாக வைத்திருந்த கோபத்தை, ஊற்றாததற்காக எப்படி மாற்றிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தானே.

டொக்டரையா தோட்டத்தை நடத்துகிற துரைக்கு எழுதத்தான் வேண்டும் என்று எழுதினார். 'மறதி' என்றே எழுதினார், நான் கேட்காமலே. வேலை போகவில்லை. கடைசி எச்சரிக்கை கிடைத்தது.

அந்த மூன்று நிறைமாதக்காரிகளில் முதல் ஆளுக்கு வலி வந்தபோது, என்னைக் கூப்பிடமாட்டோம் என்ற வீட்டிலிருந்தே ஆள் வந்தது. பிள்ளை பிறந்ததும் பிள்ளையின் தகப்பனைப் பெற்றவள் என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"மொதல்ல கண்ணுத் தண்ணிய எடு. நான் பாக்கணும். மறந்துறாத."

ஊற்றினேன்.

"அடுத்த கண்ணு?"

அதற்கும் ஊற்றினேன். "ரெண்டுக்கும் ஊத்தியாச்சு!" என்று அவள் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். அன்று முதல் இன்றுவரை எந்த லயத்துக்குப் போனாலும் இதுதான். யாராவது ஒருத்தி என் கையைக் கண்கொட்டாமல் காவல் காக்கிறாள். மறதி மிஸ்ஸி என்று எனக்குப் பெயர். மருந்தை வாங்கிக்கொள்வது இப்போது வெட்கமில்லை. மருத்துவிச்சியை நம்ப முடியாததால் வந்த கவனம், அவ்வளவுதான். மருந்து மறுத்த வீடு அதன்பின் ஒன்றுகூட இல்லை. நான் படம் போட்டுப் பேசிச் சாதிக்காததை என் கெட்ட பெயர் சாதித்துவிட்டது என்று டொக்டரையா ஒருநாள் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று கேட்கவில்லை.

என் சிநேகிதியைக் காப்பாற்றிவிட்டோம் என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த திருப்தி. அதுவும் போன மாதம் போயிற்று.

குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். கரும்பலகையைப் பார்க்கத் தலையை இடதுபக்கம் திருப்பி, வலது கண்ணை முன்னால் கொண்டுவருவாள். வாத்தியார் அவளை வலதுபக்கக் கடைசி வாங்கிலிருந்து இடதுபக்கத்துக்கு மாற்றியிருக்கிறார். கண்ணைச் சோதிக்கப் பள்ளிக்கூடம் போனபோது, பிள்ளையைக் கூப்பிட என் சிநேகிதியும் வந்தாள். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் தனியாக நின்றதே இல்லை. பார்த்தால் அவள் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு விலகிப் போவாள். என்மேல் கோபமாக இருப்பதாக ஊருக்குக் காட்டவேண்டுமே, அதற்காக என்று நினைத்திருந்தேன்.

"ஏன்டி மறந்துட்டேன்னு சொன்ன?" என்றாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த 'டி'.

"ஒனக்காகத்தான்டி. வேற என்ன சொல்லச் சொல்ற?"

"நான் வேணாம்னேன்னு சொல்லியிருக்கணும். அன்னிக்கு அடிச்சுத் தொரத்தியிருப்பாங்க. சரி. அம்மா வீட்டுக்குப் போயி அழுதிருப்பேன். இப்ப என்னா ஆச்சு? ஒன்ன எல்லாரும் ஏசுறாங்க. அத்தே ஏசுது. அது ஏசுறப்ப நான் சும்மா இருந்தா, ஏன் சும்மா இருக்கன்னு கேக்குது. நானும் சேந்து ஏசுறேன்டி. எம்புள்ள முன்னாடியே ஏசுறேன். அவ நெனச்சுக்கிட்டு இருக்கா, ஒன்னாலதான் கண்ணு போச்சுன்னு."

"என்னாலயும்தானே."

"ஒன்னாலயும்தான்," என்றாள் அவள். "என்னாலயும், அவராலயும், அத்தையாலயும். அத அவகிட்ட யாரு சொல்றது? நீயா சொல்லுவ? மறுபடியும் கூட்டம் போட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடப் படியிலிருந்து இறங்கி வந்து, என்னைக் கண்டதும் தாயின் வலதுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. நன்றாகத் தெரிகிற கண்ணால் என்னை முறைத்துப் பார்த்தது. கையில் வைத்திருந்த சோதனை அட்டையை நீட்டி, "இதுல எந்தப் பக்கம் கோடு போட்டிருக்குன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

"ஒங்ககிட்ட சொல்லமாட்டேன்," என்றது.

தாய் அதன் தலையில் கைவைத்தாள். அதட்டவில்லை. "சொல்லிரு தங்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.